வரி மாறினால் எத்தனை இடத்தில் திருத்துவது?

வற் எனப்படும் பெறுமதி சேர் வரி 2019 டிசம்பர் 1 முதல் 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2022 ஜூன் 1 இல் அது 12 ஆகவும், அதே ஆண்டு செப்டம்பர் 1 இல் 15 ஆகவும், 2024 ஜனவரி 1 இல் 18 ஆகவும் உயர்ந்தது. ஒவ்வொரு தடவையும் கணனியில் பில் போடும் வியாபாரிகள் மென்பொருளைத் திருத்த வேண்டியிருந்தது.

வற்றுக்குப் பதிவு செய்த ஒரு ஹார்ட்வெயார் கடை அம்பிட்டியவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண்டி டவுனில் அதற்கொரு கிளை. இரண்டுக்கும் ஒரே கிளவுட் மென்பொருள். கவுண்டர், விற்பனைப் பிரதிநிதியின் போன், இணையக் கட்டளை என மூன்று வழிகளில் பில் உருவாகிறது. மூன்றும் தனித்தனியே வரியைக் கணக்கிட்டால், 15 ஐ 18 ஆக மாற்றும்போது ஒன்று விடுபட்டுப் போகலாம். அப்படி விடுபட்டால் ஒரு இலட்சம் ரூபா விற்பனைக்கு 3,000 ரூபா குறைவாக அறவிடப்படும். அது பெரும்பாலும் முதலாளியின் தலையில்தான் விழும்.

இதற்கு மென்பொருள் துறையில் உள்ள வழிதான் சேவிஸ் லேயர், அதாவது சேவை அடுக்கு. மார்ட்டின் ஃபவ்லர் 2002 இல் வெளியிட்ட நூலில் இம்முறை விளக்கப்பட்டுள்ளது. வரி, கழிவு, கடன் எல்லை போன்ற விதிகள் எல்லாம் ஒரே கிளாஸில் எழுதப்படும். திரைகள் விபரத்தைக் கொடுத்து விடையை வாங்கிக் காட்டும். தாமாகக் கணக்குப் பார்க்காது. கவுண்டரில் எத்தனை பேர் நின்றாலும் கணக்குப் புத்தகம் ஒரு கணக்கப்பிள்ளையிடம் இருப்பதைப் போன்றது இது.

அந்தக் கிளாஸில் மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, வரி வீதத்தை அது தொடங்கும் திகதியுடன் சேர்த்து வைக்க வேண்டும். 2023 டிசம்பரில் விற்ற பொருள் அடுத்த மாதம் திரும்பி வந்தால், அதனை 15 சதவீதத்தில்தான் சரிசெய்ய வேண்டும். பழைய வீதத்தை அழித்துவிட்டால் அது முடியாது.

இரண்டாவது, பில்களை ஒவ்வொன்றாக அன்றி, பட்டியலாகச் சேர்த்தே சேமிக்க வேண்டும். சேல்ஸ்போர்ஸ் கிளவுட்டின் ஏபெக்ஸ் மொழியில் ஒரே ஓட்டத்தில் 150 சேமிப்புக் கட்டளைகளுக்கு மேல் அனுமதியில்லை. 200 பில்களை ஒவ்வொன்றாகச் சேமித்தால் 151 ஆவதில் வேலை நின்று, முன்னையவையும் பதிவாகாமல் போகும்.

மூன்றாவது, பில் எழுதுவது, ஸ்டொக் குறைப்பது, கடன் கணக்கில் ஏற்றுவது ஆகிய மூன்றும் ஒன்றாக நடக்க வேண்டும். அல்லது ஒன்றுமே நடக்கக் கூடாது.

மென்பொருள் வாங்குமுன் 2023 டிசம்பர் 31, 2024 ஜனவரி 1 ஆகிய திகதிகளுக்கு எல்லா வழிகளிலும் ஒவ்வொரு பில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிறகு, அடுத்த முறை வரி மாறினால் எங்கே திருத்துவீர்கள் என்று கேளுங்கள். ஒரே ஒரு இடத்தைக் காட்டுபவருக்கே அட்வான்ஸ் கொடுங்கள்.