ஆறாத புண்ணும் திரும்பாத இரத்தமும்

பின்னேரமானால் கால் வீங்கும். விடிய எழும்பும்போது வீக்கம் வற்றியிருக்கும். வேலைக் களைப்பு என்றுதான் நான் பல வருடங்களாக நினைத்திருந்தேன். அப்படி நினைத்துக்கொண்டு சேலைக்குள்ளே காலை மறைத்து நடக்கும் சகோதரிகள் எங்கள் மத்தியில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

2009 ஆம் ஆண்டு ஷெல் துண்டொன்று என் இடது தொடையைத் துளைத்தது. புதுமாத்தளனில் இருந்து காயக்காரரை ஏற்றிய கப்பலில் என்னையும் திருகோணமலைக்குக் கொண்டு போனார்கள். எலும்பு உடைந்திருந்ததால் பல கிழமைகள் அசையாமல் கிடந்தேன். அந்த நாட்களில் கால் முழுவதும் வீங்கி நொந்தது. காயத்தின் வீக்கம் என்றே எண்ணினேன். காயம் ஆறியது, நடந்தேன். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். ஊருக்குத் திரும்பியபின் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினேன். காலை 3 மணி முதல் அடுப்படியில் நிற்பேன்.

கொஞ்சக் காலத்தில் இடது கரண்டைக்கு மேலே தோல் கறுத்தது. பிறகு ஓயாத கடி. 2016 இல் விறகு தட்டி ஒரு சின்னக் கீறல் விழுந்தது. அது ஆறவில்லை. மஞ்சள், வேப்பெண்ணெய், கடையில் வாங்கிய களிம்பு எல்லாம் பூசினேன். புண் பெருத்து, நீர் கசிந்து, மணக்கவும் தொடங்கியது. கலியாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினேன். இடியப்பம் வாங்குவோர் அறிந்தால் பிழைப்புப் போய்விடுமே என்ற பயம் வேறு. எட்டு மாதம் இப்படியே போனது. ஒருநாள் மகள், "அம்மா, நீங்களும் இல்லாமல் போனால் நாங்கள் ஆரிட்டைப் போறது?" என்று கேட்டாள். அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கிளினிக்கில் புண்ணைக் கழுவிய மிஸ்ஸி, "அக்கா, மேலே மருந்து போட்டு மட்டும் இது ஆறாது. காலுக்குள்ளே இரத்தம் தேங்கி நிக்குது" என்றார். முன்பு காலில் அடிபட்டதா என்று டொக்டர் கேட்டபோதுதான் பழைய காயத்தைச் சொன்னேன். ஸ்கானில் காரணம் தெரிந்தது. அசையாமல் கிடந்த நாட்களில் ஆழத்து நாளத்தில் இரத்தம் கட்டியாகி, அங்கிருந்த வால்வுகளைப் பழுதாக்கியிருந்தது.

இதயம் நாடிகளின் வழியே இரத்தத்தைக் காலுக்கு அனுப்புகிறது. அது நாளங்களின் வழியே மேலே திரும்ப வேண்டும். நடக்கும்போது கெண்டைச் சதை இறுகி இரத்தத்தை மேலே தள்ளுகிறது. தள்ளிய இரத்தம் கீழே விழாமல் நாளத்திலுள்ள சிறு வால்வுகள் மறிக்கின்றன. இவை இரத்தத்தை இதயத்தின் பக்கமே விடும் என்பதை 1628 இலேயே வில்லியம் ஹார்வி என்ற ஆங்கில வைத்தியர் எழுதிவைத்தார். வால்வு கெட்டால் இரத்தம் கரண்டைப் பக்கம் தேங்கும். அழுத்தம் கூடி நீர் கசிந்து கால் வீங்கும். வெளியே கசியும் சிவப்பணுக்களிலுள்ள இரும்பு தோலைக் கறுக்க வைக்கும். அந்தத் தோல் இலகுவில் புண்ணாகும். பழைய காயம் இல்லாதவர்களுக்கும் இது வரலாம். பிள்ளைப்பேறு, நெடுநேரம் நிற்கும் வேலை, உடற்பருமன், பரம்பரை ஆகியவற்றால் நாளங்கள் முறுக்கிப் புடைப்பதுண்டு. இதைத்தான் நாங்கள் 'நரம்பு சுருட்டல்' என்கிறோம். உண்மையில் அது நரம்பல்ல, நாளம்.

எனக்குத் தந்த முக்கிய வைத்தியம் அழுத்தக் கட்டு. பாதத்தில் இருந்து முழங்கால் வரை பல அடுக்காக இறுக்கிக் கட்டினார்கள். கிழமைக்கு ஒருமுறை மாற்றினார்கள். நாலு மாதத்தில் புண் மூடியது. இன்றும் காலையில் எழும்பியவுடன், வீக்கம் ஏறுமுன், அழுத்தக் காலுறையைப் போட்டுக்கொள்கிறேன். கெட்ட வால்வு திரும்பி வராது. ஆனால் புண் திரும்பி வராமல் காக்கலாம்.

நீங்களாக இறுக்கிக் கட்டிவிடாதீர்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கும் நாடி அடைப்பு உள்ளவர்களுக்கும் அது காலுக்கே ஆபத்தாகலாம். காலுக்கு இரத்தம் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்த பின்பே கட்ட வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவையும் உண்டு. நாளுக்கு மூன்று நான்கு தடவை அரை மணி நேரம் படுத்து, காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தலையணையில் உயர்த்தி வையுங்கள். நின்று வேலை செய்யும்போது இடைக்கிடை குதிக்காலைத் தூக்கி இறக்குங்கள். தினமும் நடவுங்கள். கறுத்த தோலைச் சொறியாமல் தேங்காய் எண்ணெய் அல்லது வாசலின் பூசுங்கள்.

புடைத்த நாளம் வெடித்து இரத்தம் ஓடினால் உடனே படுத்து, காலை உயர்த்தி, துணியால் அழுத்திப் பிடித்தபடி உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி நொந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அத்தோடு மூச்சு முட்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

இரண்டு கிழமையில் ஆறாத கால் புண் எதுவானாலும் வைத்தியரிடம் காட்டுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு கேட்கமாட்டார்கள். பழைய காயத்தையும் மறக்காமல் சொல்லுங்கள். நான் அதைச் சொல்லாமல் இருந்தது வெட்கத்தால் அல்ல; அந்த நாட்களை நினைக்க விரும்பாததால். நான் மறந்தாலும் என் கால் மறக்கவில்லை.