ஓருடலில் ஈருயிர்

மத்தியதரைக் கடலில், மால்ட்டா நாட்டின் ஒரு பகுதியாகக் கோசோ என்றொரு சிறு தீவு உண்டு. கத்தோலிக்க விசுவாசம் ஆழ வேரூன்றிய மண் அது. அத்தீவைச் சார்ந்த தாய் ஒருவர் 2000ஆம் ஆண்டில் கருவுற்றிருந்தபோது எடுக்கப்பட்ட ஸ்கேன் படத்தில், அவர் வயிற்றில் இரட்டைக் குழந்தைகள் வளர்வதும், அவை உடலால் ஒட்டியிருப்பதும் தெரியவந்தன. கருவைக் கலைக்கும் எண்ணத்திற்கே பெற்றோர் இடங்கொடுக்கவில்லை. மால்ட்டாவில் இத்தகைய சிகிச்சைக்கு வசதி இல்லாமையால், இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரிலுள்ள தூய மரியா மருத்துவமனைக்கு அவர்கள் சென்றனர். ஆகஸ்ட் 8ஆம் நாள் தாயின் வயிற்றைக் கீறி இரு பெண் குழந்தைகள் வெளியே எடுக்கப்பட்டன. இருவரின் எடையும் சேர்ந்து 6 கிலோ. வழக்கு மன்றம் அவர்களுக்கு வழங்கிய மறைபெயர்களையே நாமும் வழங்குவோம்: ஜோடி, மேரி.

கருவுற்ற ஒரே முட்டை இரண்டாகப் பிரிவதால் உருவத்தில் ஒத்த இரட்டையர் தோன்றுகின்றனர். பிரிவு முதற் சில நாட்களில் நிகழுமாயின் இருவரும் தனித்தனியே வளர்வர். ஏறத்தாழ 13 நாட்களுக்குப் பின்னர் தொடங்கும் பிரிவு முழுமை பெறுவதில்லை என்பது மருத்துவ நூலோர் பலரின் கருத்து. பிரிந்த கருக்கள் மீண்டும் ஒட்டிக்கொள்வதாகக் கூறுவோரும் உளர். எவ்வாறாயினும், தாய் உண்ட உணவோ, அவர் செய்த வேலையோ, கிரகணமோ இதற்குக் காரணமன்று. இதனை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தகைய பிறப்பைக் கேள்வியுற்றதும் பெற்றவள் மீது பழி சுமத்தும் வாய்கள் நம்மிடையே இன்னும் ஓயவில்லை.

50,000 முதல் 2,00,000 பிறப்புகளுக்கு ஒரு முறை இது நேர்கிறது எனக் கணக்கிடுவர். மார்பால் ஒட்டியோர் மிகுதி. வயிறு, இடுப்பு, தலை ஆகியவற்றால் ஒட்டியோரும் உண்டு. 1811இல் சயாம் நாட்டில் பிறந்த சாங், எங் என்னும் சகோதரர்களால்தான் 'சயாமிய இரட்டையர்' என்ற பெயரே வழக்கிற்கு வந்தது. அவர்களை இணைத்தது மார்பின் கீழிருந்த ஒரு தசைப்பட்டையும், அதனூடே தொடர்ந்த ஈரல் திசுவுமே. இன்றைய மருத்துவர் எளிதில் பிரித்திருப்பர். அவர்களோ 1874இல் இறக்கும்வரை இணைந்தே வாழ்ந்தனர்.

இரு கருக்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் எப்போதும் ஒரே நிலையில் இருப்பதைக் கொண்டு, கருவுற்ற மூன்றாம் மாதத்திலேயே ஐயம் எழக்கூடும். பின்னர் இதயத்தைத் தனியே ஆராய வேண்டும். அதில்தான் பெரும்பாலும் தீர்ப்பு அடங்கியுள்ளது. ஈரலைப் பகிர்ந்தளிக்கலாம், குடலைப் பிரிக்கலாம். ஆனால் இருவருக்கும் ஒரே இதயம் என்றால் மருத்துவரின் கை தயங்குகிறது. அவசரம் இல்லையெனில் சில மாதங்கள் காத்திருந்து, குழந்தைகள் வலுப்பெற்ற பின் பிரிப்பதே நலம். அவ்விடைவெளியில் தோலுக்கடியில் சிறு பைகளை வைத்து, அவற்றை நாளடைவில் உப்பச் செய்து, பிரித்தபின் காயத்தை மூடுவதற்கான தோலை வளர்த்துக்கொள்வதும் உண்டு. அறுவை நாளில் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனிக் குழு. ஒருவருக்கு ஏற்றிய மயக்க மருந்து மற்றவரின் இரத்தத்திலும் கலந்துவிடக்கூடும் என்பதால் அளவு தவறக்கூடாது. உரோமையில் திருப்பீடத்திற்குரிய குழந்தை இயேசு மருத்துவமனையில், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசிலிருந்து வந்த, மண்டையோட்டின் பின்புறம் ஒட்டிய இரு சிறுமியர் இவ்வாறே மூன்று கட்டங்களாகப் பிரிக்கப்பட்டனர். 2020 ஜூன் 5ஆம் நாள் நடந்த இறுதி அறுவை மட்டும் 18 மணி நேரம் நீடித்தது. இருவரும் பிழைத்தனர்.

மான்செஸ்டரில் அத்தகைய வழி இல்லை. ஜோடியும் மேரியும் இடுப்பால் இணைந்திருந்தனர். முதுகெலும்பின் கீழ்ப்பகுதியும் ஒன்றியிருந்தது. ஜோடியின் இதயமும் நுரையீரலும் நன்கு இயங்கின. மேரியின் நுரையீரல் பயன்படவில்லை, இதயம் வலுவற்றது, மூளையும் முறையாக வளரவில்லை. ஜோடியின் பெருந்தமனியிலிருந்து மேரிக்கு இரத்தம் சென்றது. அதனாலேயே மேரி உயிர் வாழ்ந்தாள். பிரிக்காவிடில் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் ஜோடியின் இதயம் சோர்ந்து இருவரும் இறப்பர் என்றனர் மருத்துவர். பிரித்தாலோ மேரி அப்பொழுதே இறப்பாள்.

ஒரு மகளைக் காப்பதற்காக மற்றொரு மகளின் சாவுக்கு இசைய எங்களால் முடியாது என்று பெற்றோர் மறுத்தனர். மருத்துவமனை நீதிமன்றத்தை நாடியது. ஆகஸ்ட் 25ஆம் நாள் அனுமதி கிடைத்தது. பெற்றோர் மேல்முறையீடு செய்தனர். அப்போது வெஸ்ட்மின்ஸ்டர் பேராயராயிருந்த கோர்மாக் மர்ஃபி-ஓ'கானர் அம்மன்றத்திற்கு எழுத்து வடிவில் தம் கருத்தை அளித்தார். மாசற்ற ஓர் உயிரை வேண்டுமென்றே பறித்தலாகாது. ஒருவரைக் காக்கும் கடமை மற்றவருக்குப் பெரும் அநீதி இழைக்க உரிமை தராது. அளவுக்கு மீறிய சிகிச்சையை மேற்கொள்ளும் கட்டாயமில்லை. பெற்றோரின் உரிமை மதிக்கப்பட வேண்டும் என்பன அதன் சாரம்.

மூன்று நீதிபதிகளும் முறையீட்டை ஒருமனதாகத் தள்ளினர், செப்டம்பர் 22இல். ஆயினும் மூவரும் ஒரே காரணத்தைச் சொல்லவில்லை. நீதிபதி வார்டு இதனைத் தற்காப்புக்கு ஒப்பிட்டார். மேரி தன்னை அறியாமலேயே ஜோடியின் உயிரை உறிஞ்சுகிறாள் என்பது அவர் வாதம். நீதிபதி புரூக், வேறு வழியற்ற தேவை என்னும் சட்டக் கோட்பாட்டைப் பற்றிக்கொண்டார். இவ்வொப்பீடு எனக்கு முழு நிறைவளிக்கவில்லை. தற்காப்பில் தாக்குகிறவன் ஒருவன் இருப்பான். தொட்டிலில் கிடந்த மேரி யாரைத் தாக்கினாள்? எனினும் இரு பிள்ளைகளும் மடிவதைக் கைகட்டிப் பார்த்திருக்க மருத்துவர் மனம் ஒப்பாததையும் நாம் எளிதில் குறை கூற இயலாது.

பிரபுக்கள் சபைக்கு மேலும் முறையிடுவதில்லை எனப் பெற்றோர் முடிவு செய்தனர். நவம்பர் 6ஆம் நாள் தொடங்கிய அறுவை 20 மணி நேரம் நடந்தது. இருவரையும் இணைத்த பெருந்தமனி துண்டிக்கப்பட்டபோது மேரியின் உயிர் பிரிந்தது. 2001 ஜனவரியில் அவள் உடல் கோசோவில் நல்லடக்கம் செய்யப்பட்டது. சில மாதங்களுக்குப் பின், அவ்வாண்டு ஜூனில், ஜோடி பெற்றோருடன் அதே தீவுக்குத் திரும்பினாள்.