கும்பகோணத்து யானைக்கால்: அன்றும் இன்றும்

காவிரிப் படுகையில் யானைக்கால் நோய் என்றதும் கும்பகோணத்தின் பெயர்தான் முதலில் அடிபடும். கால் வீங்கியவரைப் பக்கத்தில் உட்காரவைக்கத் தயங்கினார்கள். அந்த வீட்டோடு சம்பந்தம் செய்ய யோசித்தார்கள். ஊர்த் தண்ணீரைப் பழித்தவர்களும் உண்டு, முன்வினை என்றவர்களும் உண்டு. புழுதான் காரணம், அதைப் பரப்புவது கொசு என்பது 1900 வாக்கிலேயே மருத்துவர்களுக்குத் தெரியும். ஆனால் வேற்றுயிரான புழு நிணநீர்க் குழாய்க்குள் ஆண்டுக்கணக்கில் குடியிருந்தும் உடல் ஏன் அதைத் துரத்தவில்லை என்பது விளங்கவில்லை.

விடையின் தொடக்கம் நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் இருந்தது. வேலையற்ற உறுப்பென்று பலரும் அதை ஒதுக்கியிருந்தார்கள். 1961இல் லண்டனில் ஆய்வாளர் ழாக் மில்லர், பிறந்தவுடன் எலிக்குஞ்சுகளிடமிருந்து அதை அகற்றினார். அவை தொற்றுகளுக்கு எளிதில் இரையாயின; வேறு எலியின் தோலை ஒட்டினாலும் உதறவில்லை.

எலும்பு மஜ்ஜையில் தோன்றும் இளம் செல்கள் தைமஸுக்கு வந்துதான் நோயை எதிர்க்கும் டி செல்களாகின்றன என்பது இன்று தெளிவு. ஒவ்வொன்றும் அந்நியப் பொருளை அடையாளம் காணும் தன் ஏற்பியை எந்த முன்கணக்கும் இன்றி அமைத்துக்கொள்வதால், நம் உடலையே தாக்கக்கூடியவையும் உருவாகும். தைமஸ் பல உறுப்புகளின் புரதங்களை அவற்றிடம் காட்டுகிறது. அந்தப் புரதங்களை இறுகப் பற்றும் செல்கள் பெரும்பாலும் அங்கேயே மடிகின்றன. நாற்றங்காலிலேயே களை பறித்துவிட்டு நடவுக்கு அனுப்புவது போன்ற வேலை இது. தப்பி வெளியேறுபவற்றை ‘ஒழுங்குபடுத்தும் டி செல்கள்’ எனப்படும் வகை அடக்குகிறது. 1995இல் அந்த வகையை அடையாளம் காட்டிய ஆய்வாளர் சகாகுச்சி, 2025இல் வேறு இருவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

யானைக்கால் புழு பிழைப்பதில் இந்த அடக்கும் ஏற்பாட்டுக்கும் பங்கு உண்டு என்று கருதப்படுகிறது. சென்னை மருத்துவர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் 1992இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, ரத்தத்தில் நுண்புழு (அந்தப் புழு ஈனும் குஞ்சு) உள்ளவர்களிடம் அந்தப் புழுவை அறிந்து எதிர்க்கும் டி செல்கள் மிகக் குறைவு என்று காட்டியது. எதிர்ப்பு மிகக் குறைவு என்பதால் பெரும்பாலும் வீக்கமும் இல்லை. ஆள் நலமாகவே நடமாடுவார். நெடுநாள் வீக்கம் உள்ளவர்களில் பலருக்கோ எதிர்ப்பு வலுவாக இருக்கும், ரத்தத்தில் நுண்புழு இருக்காது.

அப்படியானால் ஊர் ஒதுக்கிவைத்தவர்களில் பலர், எவருக்கும் நோயைப் பரப்ப இயலாதவர்கள். கொசுவுக்குப் புழுவைக் கொடுத்தவர், எந்தக் குறையுமின்றிப் பக்கத்தில் நின்றவர்.

2004 முதல் நோய் உள்ள மாவட்டங்களில் யானைக்கால் புழுவுக்காக அனைவருக்கும் நடந்த மருந்து வழங்கலில் நலமாக இருப்பவர்களும் மாத்திரை விழுங்க வேண்டியிருந்ததன் காரணம் இதுதான். நுண்புழு இரவில்தான் ரத்தத்தில் மிகுதியாக உலவும் என்பதால், ரத்தம் எடுக்கும் ஊழியர்கள் இரவில் வீடு தேடி வருகிறார்கள். எனக்கு ஒன்றுமில்லை என்று அவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. வீங்கிய காலைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்தால் காய்ச்சலும் வலியும் வருவது குறையும். அந்தப் பராமரிப்பும், பந்தியில் சமமான இடமும் கால் வீங்கியவர்களுக்கு நாம் பட்டிருக்கும் பழைய கடன்.