ஜன்னலுக்குள் உப்பு இருக்கிறது, தெரியுமா?

புதுச்சேரி சாரம் பகுதியில் வீடு வைத்திருக்கிறீர்களா? மழைக்கு ஊதிப்போன மர ஜன்னலைப் பிடுங்கிவிட்டு வெள்ளை வெளேரென்று யுபிவிசி பிளாஸ்டிக் ஜன்னல் போட்டுவிடலாம் என்று வீட்டில் பேச்சு ஓடுகிறதா? கடைக்காரருக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு நிமிடம்!

பிளாஸ்டிக் என்கிறோமே, அந்தச் சட்டத்தில் ஏறக்குறைய பாதி உப்பிலிருந்து வந்தது, தெரியுமா? அதன் மூலப்பொருளான பிவிசியின் எடையில் சுமார் 57 சதவீதம் குளோரின். உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிப் பிரித்தெடுப்பது அது. நமக்கு வடக்கே மரக்காணத்தில் உப்பளம், தெற்கே கடலூர் சிப்காட்டில் பிவிசி ஆலை, நடுவில் நாம்! இந்தக் குளோரினால்தான் யுபிவிசி சட்டம் தீப்பிடித்தாலும், நெருப்பை விலக்கியதும் தானே அணைந்துவிடும். ஆனால் அந்தப் புகை நச்சு. அதை எந்த விளம்பரமும் சொல்லாது.

உலகின் முதல் பிளாஸ்டிக் ஜன்னல் ஜெர்மனியில் உருவானது எப்போது? 1954. புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவுக்கு வந்த அதே வருடம்!

வெயிலில் ஜன்னல் வளரும், தெரியுமா? ஒன்றரை மீட்டர் யுபிவிசி சட்டம் 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளும். அதனால்தான் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி விட்டு சீலன்ட் அடிக்கிறார்கள். மரமோ வெயிலை மதிக்காது, ஈரத்துக்குத்தான் ஊதும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் கொட்டிய ஊர் இது. ஐப்பசி, கார்த்திகையில் இறுகிக்கொள்ளும் கதவு மாசியில் தானாகத் திறப்பது ஆசாரியின் குற்றமல்ல!

தேக்கைக் கரையான் தொடாது என்பார்கள். பாதி உண்மை. வைரம் பாய்ந்த பகுதியில் இருக்கும் இயற்கை ரசாயனம் கரையானுக்கு ஆகாது. அதைச் சுற்றியுள்ள வெள்ளைப் பகுதியை அது ருசித்துச் சாப்பிடும். புதுத் தேக்கு வாங்கும்போது எவ்வளவு வெள்ளை இருக்கிறது என்று பாருங்கள்.

இப்போது பெரிய ஆச்சரியம். சாரத்திலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டரில், கடற்கரைப் பக்கம், அரவிந்தர் ஆசிரமத்தின் ‘கோல்கொண்டே’ விடுதி இருக்கிறது. அதற்குக் கண்ணாடி ஜன்னலே கிடையாது! செக் நாட்டில் பிறந்த அன்டோனின் ரேமண்ட் வடிவமைக்க, 1937இல் வேலை தொடங்கியது. வடக்கு முகமும் தெற்கு முகமும் முழுக்கத் திருப்பக்கூடிய சிமென்ட் பலகைகள். வெயில் வெளியிலேயே நின்றுவிடும், காற்று மட்டும் உள்ளே வரும். அறைக்கு இடைவெளி விட்ட தேக்குச் சட்டங்களாலான தள்ளுகதவு. காற்று அதையும் தாண்டிப் போகும். ஏசி கிடையாது. பக்தர்கள் கொடுத்த பித்தளைப் பாத்திரங்களை உருக்கித்தான் கீல், கைப்பிடியெல்லாம் வார்த்தார்களாம்! அங்கே வேலை பார்த்த இளைஞர் ஜார்ஜ் நகாஷிமா பின்னாளில் அமெரிக்காவில் மரச்சாமான் செய்வதில் உலகப் புகழ் பெற்றார்.

இதில் நமக்கென்ன? யுபிவிசி சட்டம் சூட்டை உள்ளே விடாது என்பது குளிர்நாட்டுப் பெருமை. நம் ஊரில் சூடு வருவது பெரும்பாலும் கண்ணாடி வழியாக. மேலே சன்ஷேடும் வெளியே பலகைக் கதவும் இல்லாவிட்டால் சட்டம் தங்கமாக இருந்தாலும் அறை வேகும். இன்னொன்று: பக்கவாட்டில் தள்ளும் ஜன்னல் பெரும்பாலும் பாதிதான் திறக்கும். சாயங்காலக் கடற்காற்றில் பாதியை வாசலிலேயே திருப்பி அனுப்ப யாராவது காசு கொடுப்பார்களா? ஆனால் கொடுக்கிறோம்!

என் தீர்ப்பு இதுதான். பழைய வீட்டில் வைரம் பாய்ந்த தேக்கு இருந்தால் கை வைக்காதீர்கள். கீலை மாற்றி, இழைத்து, வார்னிஷ் அடித்தால் போதும். நிலையைப் பெயர்த்தால் பூச்சும் கொட்டும், அந்தச் செலவு தனி. கரையான் தின்ற மட்டமான மரமென்றால் தாராளமாக யுபிவிசி போடுங்கள். ஆனால் தள்ளுவது வேண்டாம், கதவு போல முழுக்கத் திறப்பதாகக் கேளுங்கள். உள்ளே துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டை இருக்கிறதா, திருகாணி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா, அடிச்சட்டத்தில் மழைநீர் வடிய ஓட்டை விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அந்த ஓட்டையை எறும்பு வருகிறதென்று சிமென்ட் வைத்து அடைத்துவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்!