கனவுக் கல்லூரியா, கைக்கெட்டும் கல்லூரியா?

இடம் கிடைத்துவிட்டது. பணத்துக்கு எங்கே போவது? ஒவ்வொரு கோடையிலும் நடுத்தரக் குடும்பங்களைத் தூங்கவிடாத கணக்கு இது.

தில்லி மயூர் விஹாரில் வசிக்கும் அந்தத் தமிழ்க் குடும்பத்துக்கு 2024 ஏப்ரலில் வந்த ஒரு மின்னஞ்சல், சந்தோஷத்தையும் தலைவலியையும் சேர்த்தே கொண்டுவந்தது. தலைநகருக்கு வெளியே உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் மகளுக்குப் பொருளாதாரப் பட்டப்படிப்பில் இடம் கிடைத்திருந்தது. பதினோராம் வகுப்பிலிருந்தே அவள் ஆசைப்பட்ட இடம் அது. நடுராத்திரிவரை திறந்திருக்கும் நூலகம், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஆசிரியர்கள், வகுப்புக்கு முப்பதே பேர். கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய். பாதியை உதவித்தொகையாகத் தள்ளுபடி செய்வதாகச் சொன்னார்கள். மீதி ஆண்டுக்கு 3 லட்சம். நான்கு ஆண்டுகளுக்கு 12 லட்சம்.

அப்பாவுக்கு ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கர் வேலை. மாதச் சம்பளம் 70,000 ரூபாய். அம்மா வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறார். தம்பி ஒன்பதாம் வகுப்பு. வாடகை, பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக மிஞ்சுவது சொற்பம். மறுபக்கம் தில்லிப் பல்கலைக்கழகம் இருந்தது. பொது நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண் வந்தால் ஆண்டுக்கு 25,000 ரூபாய்க்குள், வீட்டிலிருந்தே மெட்ரோவில் போய்ப் படிக்கலாம்.

"எதைச் சொன்னாலும் தப்பாகத்தான் இருக்கும் போலிருந்தது" என்கிறார் அப்பா. "வேண்டாம் என்றால் குழந்தையின் ஆசையைக் கெடுத்த பாவம். சரி என்றால் பையனுக்கு என்ன வைத்திருக்கிறேன்?" பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட இந்தக் குடும்பத்தின் கதை, பெயர் போடாமலே பலருக்குத் தங்கள் வீட்டுக் கதையாகத் தெரியும்.

மாறிய கேள்வி

முப்பது ஆண்டுகளுக்கு முன் பெற்றோரின் கவலை வேறு. அன்று இடங்கள் குறைவு; 'கிடைக்குமா?' என்பதுதான் கேள்வி. தொழிற்கல்லூரிகளில் இலவச இடம், கட்டண இடம் என்று இரண்டாகப் பிரித்து ஒரு ஏற்பாட்டை உன்னிகிருஷ்ணன் வழக்கில் 1993ல் உச்ச நீதிமன்றம் வகுத்தது. கட்டண இடத்தில் சேர்ந்தவர் தந்த பணம் இலவச இடத்தில் சேர்ந்தவரின் படிப்பைத் தாங்கியது. 2002ல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் பதினொரு நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்த ஏற்பாட்டை மாற்றியது. அரசு உதவி பெறாத கல்லூரிகள் தங்கள் கட்டணத்தைத் தாங்களே நிர்ணயிக்கலாம்; நன்கொடை வாங்கக் கூடாது, கொள்ளை லாபம் அடிக்கக் கூடாது என்றது தீர்ப்பு.

இடங்கள் பெருகின. கட்டணமும் ஏறியது. 'கிடைக்குமா?' என்ற கேள்வியின் இடத்தில் 'கட்ட முடியுமா?' வந்து உட்கார்ந்துகொண்டது. அரசு நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. ஐ.ஐ.டி.க்களில் பி.டெக். படிப்புக்கான ஆண்டுக் கல்விக் கட்டணம் 2016ல் 90,000 ரூபாயிலிருந்து 2 லட்சமாக உயர்ந்தது. ஆனால் கூடவே சலுகைகளும் வந்தன. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கும் ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குக் குறைவான குடும்பத்தினருக்கும் கல்விக் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி. 5 லட்சம்வரை வருமானம் உள்ளவர்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி.

சலுகை இருந்தும் வாசலிலேயே தடுக்கி விழுந்தவர் உத்தரப் பிரதேசத்தின் முஸாஃபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த அதுல் குமார். கூலித் தொழிலாளியின் மகன், தலித். 2024ல் தன் கடைசி வாய்ப்பில் தேறித் தன்பாத் ஐ.ஐ.டி.யில் மின் பொறியியல் இடம் பெற்றார். இடத்தை உறுதி செய்ய ஜூன் 24 மாலை 5 மணிக்குள் 17,500 ரூபாய் கட்ட வேண்டும். பணம் புரட்டவே மாலையாகிவிட்டது. கணினியில் பதிவு முடிவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அந்த ஆண்டு நுழைவுத் தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் சென்னை உயர் நீதிமன்றம்வரை வந்து அலைந்தார். கடைசியில் செப்டம்பர் 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி அவரைச் சேர்க்க உத்தரவிட்டது. நாலைந்து ஆண்டுப் படிப்பின் செலவு பற்றி எல்லோரும் பேசுகிறோம். முதல் நாள் கட்ட வேண்டிய தொகையே சிலருக்குப் பெரிய மதில்.

கடன் என்னும் கணக்கு

மயூர் விஹார் அப்பா வங்கிக்குப் போனார். பொதுத்துறை வங்கிகளின் வழக்கமான கல்விக் கடன் விதிகளின்படி 4 லட்சம்வரை ஜாமீன் தேவையில்லை. 7.5 லட்சம்வரை மூன்றாம் நபர் ஜாமீன் கேட்பார்கள். அதற்கு மேல் சொத்து அடமானம். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டம், தரவரிசையில் மேலே உள்ள நிறுவனங்களில் சேர்பவர்களுக்கு அடமானமோ ஜாமீனோ இல்லாமல் கடன் தருகிறது. குடும்ப வருமானம் 8 லட்சம்வரை இருந்தால் 10 லட்சம் ரூபாய்க் கடனுக்கு, படிக்கும் காலத்திலும் அதற்கடுத்த ஓராண்டிலும் வட்டியில் 3 சதவீதத்தை அரசு ஏற்கும். ஆனால் இவர்கள் முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் அந்தத் திட்டமே வரவில்லை. வந்திருந்தாலும் இவருடைய ஆண்டு வருமானம் 8.4 லட்சம். வட்டிச் சலுகை நூலிழையில் தவறியிருக்கும்.

அடமானம் வைக்க ஒரே ஒரு சொத்துதான் இருந்தது: மயிலாடுதுறை பக்கத்தில் பாட்டி குடியிருக்கும் வீடு.

அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டார். ஆண்டு தொடக்கத்தில் 3 லட்சம் வீதம் நான்கு முறை கடன். வட்டி 10 சதவீதம். படிப்பு முடிந்து ஓராண்டுவரை தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி சும்மா இருக்காது. ஐந்தாண்டு முடிவில் வட்டி மட்டும் 4.2 லட்சம் சேர்ந்து கடன் 16.2 லட்சமாக நிற்கும். அதைப் பத்தாண்டில் அடைக்க மாதத் தவணை சுமார் 21,400 ரூபாய். மொத்தம் கட்டுவது 25 லட்சத்துக்கு மேல்.

"முதல் வேலையில் எனக்கு 35,000 சம்பளம் என்று வைத்துக்கொண்டேன்" என்கிறாள் மகள். "21,400 போனால் மிச்சம் 13,600. வேறு ஊரில் வேலை என்றால் அறை வாடகைக்கே சரியாகிவிடும். அப்புறம் மேற்படிப்பு எங்கே?"

இருந்தாலும் அவள் மனம் மாறியது கணக்கால் அல்ல. விஷயத்தைக் கேள்விப்பட்ட பாட்டி தொலைபேசியில், "வீடு போனாப் போவுது, பொண்ணு படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். யோசிக்கக்கூட இல்லை. "பாட்டி வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சரி என்று சொன்னதும்தான் பயம் வந்தது" என்கிறாள்.

பெயருக்கு என்ன விலை?

பெரிய கல்லூரியின் பெயர் சம்பளத்தைக் கூட்டுமா? அமெரிக்காவில் 1976ல் கல்லூரியில் சேர்ந்த மாணவர்களின் விவரங்களை வைத்து ஸ்டேசி டேலும் ஆலன் க்ரூகரும் 2002ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே அளவு திறமையுள்ள மாணவர்களை ஒப்பிட்டபோது, புகழ்பெற்ற கல்லூரிக்குப் போனவர்களும் இடம் கிடைத்தும் போகாதவர்களும் பின்னாளில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சம்பாதித்தார்கள். ஒரு விதிவிலக்கு: ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய கல்லூரி நிஜமாகவே கைகொடுத்தது. வசதியும் தொடர்பும் உள்ளவர்களுக்கு அவை வீட்டிலேயே கிடைக்கின்றன. இல்லாதவர்களுக்குக் கல்லூரிதான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்க முடிவை அப்படியே இங்கே பொருத்த முடியாது. இருந்தாலும் அது ஓர் எச்சரிக்கை. மலிவானதே புத்திசாலித்தனம் என்று எல்லோருக்கும் உபதேசம் செய்வது சரியல்ல. முழுத் தள்ளுபடியோடு ஐ.ஐ.டி.யில் இடம் பெற்ற கூலித் தொழிலாளியின் மகனுக்குக் கனவுக் கல்லூரிதான் மலிவான கல்லூரியும்கூட. வீட்டை அடகு வைத்து நான்காண்டு புல்வெளியில் நடப்பது வேறு விஷயம்.

அந்த ஆண்டு பொது நுழைவுத் தேர்வு முடிவு ஜூலை கடைசியில்தான் வந்தது. ஆனால் தனியார் பல்கலைக்கழகம் மே மாதமே 50,000 ரூபாய் முன்பணம் கேட்டிருந்தது. அப்பா கடன் வாங்கிக் கட்டியிருந்தார். ஆகஸ்டில் தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்ததும் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது முதலில் கையை விரித்தார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் உத்தரவைச் சுட்டிக்காட்டி எழுதிய பிறகே பணம் வந்தது.

மகள் இப்போது தினமும் மெட்ரோவில் போகிறாள். வகுப்பில் கூட்டம் அதிகம்; நூலகம் மாலையிலேயே மூடிவிடும். "சில நாள் வருத்தமாக இருக்கும், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்" என்கிறாள். அந்தப் பல்கலைக்கழகத்தின் கடிதத்தை அம்மா அச்செடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறார். மேற்படிப்புக்கு வெளியூர் போவதென்றால் அப்போது கடன் வாங்கலாம் என்று வீட்டில் பேச்சு. பாட்டியின் வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கிறது.

கையெழுத்துப் போடும் முன்

* முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். விடுதி, சாப்பாடு, பயணம், ஆண்டுதோறும் ஏறும் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டுங்கள்.

* உதவித்தொகை எல்லா ஆண்டுகளுக்கும் உண்டா, மதிப்பெண் குறைந்தால் நின்றுவிடுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

* படிக்கும்போதே வட்டியைக் கட்ட முடிந்தால் கட்டிவிடுங்கள். மேலே சொன்ன கடனில் மாதத் தவணை 21,400லிருந்து சுமார் 15,900 ஆகக் குறையும்.

* கல்விக் கடன் வட்டிக்கு 80இ பிரிவின் கீழ் எட்டு ஆண்டுகள்வரை கிடைத்த வரிச்சலுகை பழைய வரி முறையில்தான் உண்டு. புதிய முறையில் இல்லை.

* சேர்ந்த பின் விலகினால் பணம் திரும்பக் கிடைக்கும். 2024-25ல் செப்டம்பர் 30வரை விலகியவர்களுக்கு முழுத் தொகையும் தர வேண்டும் என்று மானியக் குழு உத்தரவிட்டது. அந்தந்த ஆண்டுக்கான தேதியைக் கவனியுங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் விதி.