புல்லியை எவ்வளவு சிறிதாக்கலாம்?

மினி கூப்பர் என்ற குட்டிக் காரைப் பார்த்திருக்கிறீர்களா? இங்கிலாந்தில், ஆக்ஸ்ஃபோர்டு நகரத் தொழிற்சாலையில் தயாராகும் கார். 2002 முதல் 2006 வரை வந்த மினிகளில் இரண்டை மட்டும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்போம். ஒன்று கூப்பர், இன்னொன்று கூப்பர் எஸ். இரண்டிலும் 1.6 லிட்டர் எஞ்சின்தான். ஆனால் கூப்பருக்கு 115 குதிரைத்திறன். எஸ் காருக்கு முதலில் 163. அதே அளவு வயிறு, அதே நான்கு சிலிண்டர். மீதி 48 குதிரைகள் எங்கிருந்து வந்தன?

காற்றிலிருந்து!

பெட்ரோலை எரிப்பதுதானே எஞ்சினின் வேலை, பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றினால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 15 கிராம் காற்று வேண்டும். காற்று பற்றாமல் பெட்ரோலை மட்டும் கொட்டினால் கரும்புகைதான் மிச்சம். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் பீய்ச்சிவிடலாம். காற்றை உள்ளே அனுப்புவதுதான் கடினம். சாதாரண எஞ்சினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது வெளிக்காற்று தானாக உள்ளே வருகிறது. வந்தவரைக்கும்தான் லாபம். கூப்பர் எஸ் அப்படிக் காத்திருப்பதில்லை. காற்றைப் பிடித்து உள்ளே தள்ள அதில் தனியாக ஒரு கருவி உண்டு. அதுதான் சூப்பர்சார்ஜர்.

அதற்குள்ளே முறுக்கிய இதழ்கள் கொண்ட இரண்டு உருளைகள், ஒன்றின் இடுக்கில் இன்னொன்று புகுந்தபடி சுழல்கின்றன. ஒன்றையொன்று தொடுவதில்லை! ஓரத்தில் இருக்கும் பல்சக்கரங்கள் அவற்றை மயிரிழை இடைவெளியில் பிரித்தே வைத்திருக்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கத்துக் காற்றை அள்ளி மறுபக்கம் தள்ளும். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் இந்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார்கள். அப்போது கார் என்பதே பிறக்கவில்லை.

சரி, கொஞ்சம் கணக்கு. மினியின் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை 1.6 லிட்டர் காற்றை உறிஞ்சும். அதாவது ஒரு சுற்றுக்கு 0.8 லிட்டர். அதில் பொருத்திய ஈட்டன் நிறுவனத்தின் எம்45 சூப்பர்சார்ஜர், தான் ஒரு சுற்று சுற்றினால் தள்ளுவதோ ஏறத்தாழ 0.74 லிட்டர். எஞ்சின் கேட்பதைவிடக் குறைவு! எஞ்சினும் அதுவும் ஒரே வேகத்தில் சுற்றினால் உதவிக்குப் பதில் உபத்திரவம்தான். ஆகவே சூப்பர்சார்ஜர் எஞ்சினைவிட வேகமாகச் சுற்றியாக வேண்டும். மினியில் அது ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றுகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் சூப்பர்சார்ஜர் சுமார் 12,000.

இதை எப்படிச் சாதிக்கிறார்கள்? வீட்டிலோ தெருவிலோ காலால் மிதிக்கும் தையல் மெஷின் இருந்தால் பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பாருங்கள். கீழே பெரிய சக்கரம், மேலே சின்னச் சக்கரம், இரண்டையும் சுற்றி ஒரு பெல்ட். பெரியதை மெதுவாக ஒரே ஒரு சுற்று சுற்றச் சொல்லி, சின்னது எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணுங்கள். பெரிய சக்கரத்தின் விளிம்பில் பெல்ட் எத்தனை அங்குலம் நகர்கிறதோ, சின்னதன் விளிம்பிலும் அத்தனை அங்குலம் நகர்ந்தாக வேண்டும். சின்னதன் சுற்றளவு குறைவு. அதனால் பல முறை சுற்றித்தான் அந்த நீளத்தைக் கடக்கும். காரிலும் இதேதான். பெல்ட் ஓடும் சக்கரத்தைக் காரில் புல்லி என்பார்கள். எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க்ஷாஃப்ட்டின் முனையில் பெரிய புல்லி, சூப்பர்சார்ஜரின் மூக்கில் சின்னப் புல்லி.

அப்படியானால் சின்னப் புல்லியை இன்னும் சின்னதாக்கினால்? வேகம் கூடும், காற்று கூடும், அழுத்தமும் கூடும். இந்தக் கூடுதல் அழுத்தத்தைத்தான் மெக்கானிக்குகள் பூஸ்ட் என்பார்கள். மினிக்காரர்கள் பலர் இதைச் செய்கிறார்கள். அவர்களிடையே ரொம்பப் பிரபலமானது, விட்டம் 15 சதவீதம் குறைந்த புல்லி. புல்லி 15 சதவீதம் சிறுத்தால் வேகம் எத்தனை சதவீதம் கூடும்? 15 என்று சொல்லத்தான் நாக்கு துடிக்கும். அவசரப்படாதீர்கள். விட்டம் 100 என்று இருந்தது 85 ஆகிவிட்டது. வேகம் 100-ஐ 85-ஆல் வகுத்த அளவுக்குப் பெருகும்: 1.176 மடங்கு. அதாவது 17.6 சதவீதம் கூடுதல்! 19 சதவீதம் குறைத்த புல்லி என்றால் 100-ஐ 81-ஆல் வகுக்க வேண்டும். வேகம் 23 சதவீதத்துக்கும் மேல் எகிறுகிறது. புல்லி சிறுக்கச் சிறுக்க ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் பலன் பெருகிக்கொண்டே போகும். ஆசை காட்டும் கணக்கு இது.

ஆனால் தொல்லையும் கூடவே வளர்கிறது. காற்றை அமுக்கினால் சூடேறும். பூஸ்ட் உச்சத்தில் இருக்கும்போது சூப்பர்சார்ஜரிலிருந்து வெளிவரும் காற்று 100 டிகிரி செல்சியஸைக்கூடத் தாண்டிவிடும். சூடான காற்று விரியும். அதே இடத்தில் ஆக்சிஜன் குறைவாகத்தான் இருக்கும். பாடுபட்டு அமுக்கியதில் ஒரு பங்கு இப்படி வீணாகிறது. கூப்பர் எஸ் காரின் பானெட்டில் ஒரு வாய் திறந்திருக்குமே, அது அழகுக்கு வைத்ததல்ல. அமுக்கிய காற்றின் சூட்டைத் தணிக்க அடியில் உள்ள இன்டர்கூலருக்குக் குளிர்ந்த காற்று போகும் வழி அது.

இன்னும் மோசமான ஆபத்து நாக்கிங். ஸ்பார்க் பிளக் பொறி வைத்ததும் நெருப்பு சீராகப் பரவ வேண்டும். சூடும் அழுத்தமும் அளவு மீறினால், நெருப்பு வந்து சேருமுன்பே ஒரு மூலையில் இருக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவை தானாக வெடித்துவிடும். பிஸ்டன் தலையில் சுத்தியலடி விழுந்த மாதிரி. இது நீடித்தால் பிஸ்டன் உடையும். இதற்குப் பயந்துதான் கூப்பர் எஸ் எஞ்சினில் பிஸ்டன் கலவையை அமுக்கும் விகிதத்தை 8.3-க்கு ஒன்று என்று குறைத்து வைத்தார்கள். சாதாரண கூப்பரில் அது 10.6. போதாக்குறைக்கு, நாக்கிங் சத்தத்தை உணரும் ஒரு சென்சாரும் எஞ்சினில் ஒட்டுக்கேட்டுக்கொண்டே இருக்கிறது. சத்தம் வந்தால் காரின் கம்ப்யூட்டர் பொறியைத் தாமதப்படுத்தும், சக்தி குறையும். மிகச் சின்னப் புல்லி போட்டவர் காசைக் கொடுத்துக் குதிரைகளை இழப்பதும் நடக்கும்!

இத்தோடு, சூப்பர்சார்ஜரைச் சுழற்றும் சக்தியும் எஞ்சினிடமிருந்தே போகிறது. சின்னப் புல்லியில் பெல்ட் பிடித்துக்கொள்ள இடம் குறைவு, வழுக்கலாம். பெல்ட்டும் கொஞ்சம் குட்டையானதாக வேண்டும். மினியில் வாட்டர் பம்ப்பைச் சுழற்றுவதும் சூப்பர்சார்ஜர்தான் என்பதால் அதுவும் சேர்ந்து வேகமெடுக்கும். என்னைக் கேட்டால், தெருவில் ஓட்டும் காருக்கு 15 சதவீதமே தாராளம். ஜான் கூப்பர் வொர்க்ஸ் என்ற பந்தயப் பெயர் தாங்கிய மினிக்கு நிறுவனமே சின்னப் புல்லி போட்டது. அது குறைத்தது சுமார் 11 சதவீதம்தான்.

சின்னப் புல்லியைத் தொடாமல் கிராங்க்ஷாஃப்ட்டின் பெரிய புல்லியை இன்னும் பெரிதாக்கினால் என்ன என்று யாராவது கேட்டிருப்பீர்கள். நல்ல கேள்வி. பெரியதை 15 சதவீதம் கூட்டினால் வேகமும் சரியாக 15 சதவீதம் கூடும். இங்கே வகுத்தல் வம்பு கிடையாது. ஆனால் அதே பெல்ட்தான் பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரையும் ஏசி கம்ப்ரஸரையும் ஓட்டுகிறது. பெரிய புல்லி வளர்ந்தால் பெல்ட்டே வேகமாக ஓடும். கேட்காமலே அவையும் தலைதெறிக்கச் சுழலும். அதோடு அந்தப் பெரிய புல்லிக்குள் ரப்பர் வளையம் ஒன்று இருந்து, கிராங்க்ஷாஃப்ட்டின் அதிர்வை அடக்குகிறது. புல்லியை மாற்றினால் அந்தப் பாதுகாப்பும் போய்விடலாம். அதனால்தான் பெரும்பாலான மெக்கானிக்குகள் சூப்பர்சார்ஜரின் மூக்கில் இருக்கும் சின்னப் புல்லியில் மட்டும் கை வைக்கிறார்கள்.