சுவருக்குள்ளே மைக்ரோவேவ் அடுப்பா? பெட்டியைப் பார்க்குமுன் பிளக்கைப் பாருங்க!

சின்னமனூர்,-

சின்னமனூரில் இருந்து மேகமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸில் உட்கார்ந்தால் ஒவ்வொரு வளைவிலும் வயிறு ஒரு புரட்டுப் புரட்டும்.

அந்த 18 வளைவையும் தாண்டி டூல் பையோடு ஒரு மெக்கானிக் மேலே ஏறி வருகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். எதற்கு? ஆசை ஆசையாய் சமையலறைச் சுவருக்குள்ளே பதித்து வைத்த மைக்ரோவேவ் அடுப்பு 'கப்சிப்' ஆகிவிட்டது!

வந்தவர் அடுப்பைச் சுற்றிப் பார்ப்பார். பின்பக்கம் போக வழியே இல்லை. நாலு பக்கமும் பலகை. பிளக் எங்கே என்று கேட்டால் அதுவும் பெட்டிக்குப் பின்னால்தான்.

"முதல்ல ஆசாரியைக் கூப்பிடுங்கம்மா. பெட்டி வெளியே வந்தாத்தான் நான் கை வைக்க முடியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ் எப்போது என்று விசாரிப்பார்.

காசும் போச்சு, அடுப்பும் போச்சு! இந்தக் கதி வராமல் இருக்க என்ன செய்யணும்? இதோ விவரம்:

ஆறடி பூதம்

மைக்ரோவேவ் அடுப்பு பிறந்த கதையே வேடிக்கையானது. அமெரிக்காவில் ரேதியான் என்ற கம்பெனியில் பெர்சி ஸ்பென்சர் என்ற என்ஜினீயர் ராடார் கருவிக்கான 'மேக்னட்ரான்' குழாயோடு வேலை செய்து கொண்டிருந்தார். அவருடைய பையில் இருந்த மிட்டாய் உருகி வழிந்தது. 'சங்கதி என்ன?' என்று ஆராய்ந்தார். 1945-ல் அடுப்புக்கான காப்புரிமை கேட்டு மனுப்போட்டார்.

1947-ல் விற்பனைக்கு வந்த முதல் அடுப்பு ஏறக்குறைய ஆறடி உயரம், 340 கிலோ எடை! ஓட்டலுக்கும் கப்பலுக்கும்தான் லாயக்கு. மேடை மேல் வைக்கிற சின்ன அடுப்பு 1967-ல்தான் அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்தது. விலை 495 டாலர்.

இன்று அது சுவருக்குள்ளேயே புகுந்துவிட்டது. அந்தக் காலத்தில் நம் வீட்டுச் சுவரில் விளக்குக்கு ஒரு மாடம் இருக்கும். இந்தக் காலத்தில் ஓவனுக்கு ஒரு மாடம்! கம்பம், போடி, தேனி பக்கம் புது வீடு கட்டுகிறவர்கள் 'மாடுலர் கிச்சன்' போடும்போது, ஆசாரி கேட்கிற முதல் கேள்விகளில் இதுவும் ஒன்று: "ஓவனுக்கு இடம் விடணுமா சார்?"

விடலாம். ஆனால் எப்படி விடணும் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

கடப்பாக்கல் கணக்கு

நம்மூர் பழைய சமையலறையில் சுவரோடு கடப்பாக்கல் அலமாரி இருக்கும். ஆழம் ஒரு அடி, மிஞ்சினால் ஒன்றரை அடி. அதாவது 45 சென்டிமீட்டர்.

சுவருக்குள் பதிக்கவென்றே வரும் ஓவனுக்குப் பொதுவாக 56 சென்டிமீட்டர் அகலம், 55 சென்டிமீட்டர் ஆழம் உள்ள மாடம் தேவை. முன்பக்கச் சட்டம் 60 சென்டிமீட்டர் வரும். உயரம் மாடலுக்கு மாடல் மாறும்: 38 சென்டிமீட்டரும் உண்டு, 45 சென்டிமீட்டரும் உண்டு.

ஆக, கடப்பாக்கல் அலமாரிக்குள் இது நுழையாது. நுழைத்தாலும் மூக்கு வெளியே நீட்டிக் கொண்டிருக்கும். போகிற வருகிறவர் தோள் எல்லாம் அதில் இடிக்கும்.

எனவே கடையில் மாடலை முடிவு செய்து, அந்த மாடலின் அளவுக் காகிதத்தை வாங்கி ஆசாரி கையில் கொடுத்த பிறகுதான் பலகை அறுக்கணும். பலகையை அறுத்துவிட்டு ஓவன் தேடுவது, சட்டையைத் தைத்துவிட்டு மாப்பிள்ளை தேடுகிற கதை.

மூச்சு முட்டினால் ஆபத்து

சிலர் ஒரு சிக்கனம் செய்கிறார்கள். மேடை மேல் வைக்கிற சாதா ஓவன் விலை குறைவு. அதை வாங்கி வந்து அலமாரிக்குள் தள்ளி, சுற்றிப் பலகை அடித்துவிட்டால் பார்க்க 'பில்ட்-இன்' மாதிரியே இருக்கும்.

இதுதான் வினை!

ஓவனுக்குள் விசிறி ஓடுகிறது. அது சூட்டை வெளியே தள்ளணும். சாதா ஓவனுக்குத் தலைக்கு மேல் 20 முதல் 30 சென்டிமீட்டர் காலி இடம் விடச் சொல்லிக் கையேட்டிலேயே எழுதி இருப்பார்கள். பின்னாலும் பக்கவாட்டிலும் இடம் வேண்டும். அதை அடைத்தால் சூடு உள்ளேயே சுற்றும். முதலில் அடிக்கடி தானாக நின்று போகும். பிறகு மேக்னட்ரான் கெடும். பலகை கருகி தீப்பிடிக்கிற அளவுக்கும் போகலாம்.

பதிக்கவென்றே செய்த ஓவன் வேறு ரகம். காற்றோட்டத்துக்கு அதற்குத் தனி வழி வைத்திருப்பார்கள். சில சாதா மாடல்களுக்குக் கம்பெனியே தனிச் சட்டம் விற்கிறது. அந்த மாடலுக்கு அந்தச் சட்டம் உண்டா என்று கடையில் கேட்டு, உண்டு என்றால் மட்டும் பதிக்கலாம். இல்லை என்றால் மேடை மேலேயே இருக்கட்டும்.

இன்னொரு விஷயம். சமையல் முடிந்த பிறகும் விசிறி கொஞ்ச நேரம் ஓடும். 'வீணா ஓடுதே' என்று மெயின் சுவிட்சைத் தட்டக் கூடாது. சூடு இறங்கட்டும்.

மிக்ஸி பிளக் தாங்குமா?

கம்பம் பள்ளத்தாக்குக்கு மின்சாரம் புதிது இல்லை. முல்லைப் பெரியாறு தண்ணீர் லோயர்கேம்ப் மின் நிலையத்தில் 1958 முதல் மின்சாரமாக மாறுகிறது. 1978-ல் சுருளியாறு மின் நிலையமும் சேர்ந்து கொண்டது.

மின்சாரம் பக்கத்திலேயே பிறக்கலாம். ஆனால் வீட்டுக்குள் ஓடுகிற ஒயர்?

2011-ல் தமிழக அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. அதற்கு முன்பே பிரிட்ஜ் வந்தாச்சு. பிறகு இண்டக்ஷன் அடுப்பு. இத்தனை சாமான் வந்தும் பல சமையலறைகளில் ஒயர் மட்டும் வீடு கட்டிய நாளில் போட்டதுதான்.

சூடு பண்ண மட்டும் உதவுகிற 'சோலோ' ஓவன் 1,200 வாட் வரை இழுக்கும். கேக், பிஸ்கட் சுடுகிற 'கன்வெக்ஷன்' ஓவன் 2,200 வாட்டையும் தாண்டும். 230 வோல்ட்டில் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 10 ஆம்பியர். மிக்ஸி சொருகும் பிளக் 5, 6 ஆம்பியர்தான் தாங்கும்.

"இதெல்லாம் எந்த பிளக்லயும் ஓடும்க்கா, மாட்டிப் பாருங்க" என்று கடைப் பையன் சொல்லலாம். ஓடும்தான். பத்து நாள் ஓடும். பதினோராம் நாள் பிளக் கறுத்து, கருகிய வாசனை வரும். பிளக் பெட்டிக்குப் பின்னால் இருப்பதால் அந்தக் கறுப்பு யார் கண்ணிலும் படாது!

ஓவனுக்கு 16 ஆம்பியர் பவர் பிளக், தனி ஒயர், தனி எம்.சி.பி. வேண்டும். ஒயர் செம்பு, 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. தூரம் கூடினால் 4. எர்த் கட்டாயம். மூன்றாவது கம்பியை வெட்டிவிட்டு இரண்டு கம்பியில் ஓட்டுவது எமனுக்கு விருந்து வைப்பது. மின்கசிவு வந்தால் உடனே கரண்டை வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் உயிருக்குக் காவல்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஒன்று. பிளக் பெட்டிக்குப் பின்னால் இருந்தாலும், சுவிட்ச் கைக்கு எட்டும் இடத்தில் வெளியே இருக்கணும். மலைப் பக்கம் இடி மின்னல் சாதாரணம். மேடை மேல் உள்ள ஓவன் என்றால் பிளக்கைப் பிடுங்கி விடலாம். சுவருக்குள் உள்ளதை எப்படிப் பிடுங்குவது? மழை வரும்போது கரண்டை வெட்ட அந்த வெளி சுவிட்ச்தான் வழி. சுவிட்ச் இரண்டு கம்பியையும் ஒரே நேரத்தில் வெட்டுவதாக இருந்தால் இன்னும் நல்லது.

பிளக்கைப் பிடுங்கினாலும் அடிக்கும்!

ரேடியோ, டி.வி. பார்க்கிற பக்கத்துத் தெரு மெக்கானிக் 'நானே பிரிச்சுப் பார்க்கிறேன்' என்று ஸ்குரூ டிரைவரைத் தூக்குவார். விடாதீர்கள்!

வீட்டுக்கு வருவது 230 வோல்ட். ஓவனின் வயிற்றுக்குள் அது சுமார் 4 ஆயிரம் வோல்ட்டாக ஏறுகிறது. உள்ளே இருக்கும் கன்டென்சர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும். தொட்டால் ஆளைச் சாய்க்கும். இதற்கென்று பயிற்சி பெற்றவர்தான் திறக்கணும்.

கதவு உடைந்தாலோ, கண்ணாடிக்குள் உள்ள வலை கிழிந்தாலோ, சரியாக மூடாவிட்டாலோ ஓட்டவே கூடாது. அந்த வலைதான் அலையை வெளியே விடாமல் மறிக்கிறது. மற்றபடி, 'சாப்பாட்டில் கதிர்வீச்சு ஏறிடும்' என்ற பயம் வேண்டாம். சுவிட்சை அணைத்தால் அலையும் நின்று போகும்.

மலைக்கு ஒரு சேதி

மேகமலை சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால்தான் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரம் பிடிக்கிறது.

'ஓவன் வாங்கிட்டா சட்டுனு வெந்துடும்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஓவனுக்குள்ளும் அதே 95 டிகிரிதான். சோறு, பருப்புக்கு மலையில் பிரஷர் குக்கர்தான் ராஜா. மீந்த குழம்பைச் சுட வைக்க, பால் காய்ச்ச, அப்பளம் பொரிக்க ஓவன் சரி.

இந்த மலை 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்துவிட்டது. இனி விறகுக்குக் காட்டை நம்ப முடியாது; சிலிண்டரும் மலை ஏறி வரணும். அங்கே ஓவன் ஆடம்பரம் என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஐந்து நிமிடம் சோலோ ஓவன் ஓடினால் பத்தில் ஒரு யூனிட்தான் செலவு.

எவர்சில்வர் பாத்திரம், ஜரிகைக் கோடு போட்ட தட்டு, முழு முட்டை, இறுக மூடிய டப்பா - இந்த நாலும் உள்ளே போகக் கூடாது. இட்லி சுட வேண்டும் என்றால் ஓவனுக்கான பிளாஸ்டிக் தட்டுதான்.

எங்கே பதிக்கணும்?

கேஸ் அடுப்புக்கு நேர் மேலே கூடாது. ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஓவனுக்குள் ஏறும். மலையில் இருந்தாலும் பள்ளத்தாக்கில் இருந்தாலும் இது பொது விதி.

அடித்தட்டு நெஞ்சு உயரத்தைத் தாண்டக் கூடாது. வீட்டில் குள்ளமானவர் யாரோ அவரை நிறுத்தி அளவெடுங்கள். தலைக்கு மேலே இருந்து கொதிக்கிற குழம்பை இறக்கினால் முகம் வெந்துவிடும்.

கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்கள். மூலைச் சுவர் பக்கம் என்றால் பாதிதான் திறக்கும். காற்றுத் துளைகளை அடிக்கடி துடையுங்கள். கதகதப்புக்குப் பல்லியும் கரப்பானும் அங்கேதான் குடி ஏறும்.

பில் இல்லாமல் நகராதீங்க

ஓவனில் பி.ஐ.எஸ். முத்திரையும் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கணும். 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செல்போன் செயலியில் அந்த எண்ணைப் போட்டு அசலா போலியா என்று பார்க்கலாம்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய கேள்விகள்: எங்க ஊருக்கு சர்வீஸ் ஆள் வருவாரா? வரத் தனிக் காசா? ரிப்பேர் வந்தால் பெட்டியை மாடத்தில் இருந்து கழற்றுவது யார் பொறுப்பு? மேக்னட்ரானுக்கு எத்தனை வருடம் கியாரண்டி? பதில்களை பில்லின் பின்னால் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

ஏமாற்றம் நேர்ந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. வீட்டுக்கு வரும் கரண்டில் வோல்ட்டேஜ் ஏறி இறங்கினால் மின்வாரியத்தின் 'மின்னகம்' எண் 94987 94987.

கடைசியாக ஒன்று. ஓவனைச் சுற்றி சிமெண்ட் பூசுகிற வேலை வேண்டாம். இரண்டு ஸ்குரூவைக் கழற்றினால் பெட்டி கையோடு வெளியே வரணும். அப்படி வந்தால்தான் 18 வளைவு ஏறி வந்த மெக்கானிக், வேலையை முடித்து, கடைசி பஸ்ஸுக்கு முன் கீழே இறங்க முடியும்.